அந்தப் பழைய பல்பை நான் ஏன் மாற்றினேன்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ தைவானுக்கு விமானம் ஏறுகிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லையே என்று நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நீயும் நானும் பேசிக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது. சாப்பிடும்போது உப்பு டப்பா என் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், அடுப்படியில் நிற்கிற அம்மாவைக் கூப்பிட்டுத்தான் அதைக் கேட்கிறாய். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருஷம் வயர்மேனாக இருந்தவன் எழுதியதெல்லாம் ஃபியூஸ் பெட்டி மூடியில் 'ஹால்', 'அடுப்படி', 'மேல் அறை' என்பதுதான். இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் பல்பை ஏன் மாற்றினீர்கள் என்று நீ கேட்டாய். நல்லதுக்குத்தான் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை நீ போவதற்குள் சொல்லிவிட வேண்டும். படித்த பிறகு என்னை அப்பா என்று கூப்பிட உனக்கு மனம் வராமல் போகலாம். அந்தப் பயத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே உனக்குக் குப்பையின் மேல் ஒரு கண். அப்போது நாம் திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்தோம். மற்றப் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடும்போது நீ வடிகால் ஓரமாகக் குனிந்துகொண்டே போவாய். ரப்பர் பால் பிடிக்கிற உடைந்த மங்கு, ஏதோ காரின் பின்விளக்குக் கண்ணாடித் துண்டு, ஓட்டை விழுந்த கூரைத் தகரம் என்று கை நிறையக் கொண்டுவருவாய். அந்தத் தகரத்தை வெயிலில் பிடித்துக்கொண்டு, தரையில் விழுகிற வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். உன் தங்கை புவனா அப்போது தவழ்கிற பிள்ளை. அந்தப் புள்ளிகளைப் பொறுக்க வருவாள், கையில் அகப்படாமல் அழுவாள், நீ சிரிப்பாய். "ஏன்டா, மத்தவன் புள்ள புத்தகத்த தூக்குது, என் புள்ள குப்பைய தூக்குது" என்று திட்டி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தோட்டத்துக் குப்பைக் குழியில் போட்டேன். நீ அழவில்லை. மறுநாள் குழியில் இறங்கி ஒன்று விடாமல் எடுத்துவந்துவிட்டாய். இந்தப் பிடிவாதம் உங்கள் குடும்பத்துச் சொத்து என்று உன் அம்மாவைச் சீண்டியது எனக்கு நினைவிருக்கிறது.

நாம் பாக்கார் ஆராங்கில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, மின்சாரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ கலை படிக்கப் போனாய். அப்போது நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. உன் கூடப் பிறந்தவளே பேக்டரிக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள், உனக்கு ரோஷமில்லையா என்றேன். அலோர் ஸ்டாரில் உன் முதல் காட்சிக்கு வந்ததும் புவனா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததால்தான். அறை முழுக்க இருட்டு. பழைய சைக்கிள் சக்கரமும் கரண்டிகளும் தகரமும் கம்பியில் தொங்கின. கீழே ஒரே ஒரு சின்ன பல்பு. எதிர்ச் சுவரில் நிழலாக ஒரு ரப்பர் காடே நின்றது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சுவரைப் பார்க்கவில்லை, தம்பி. வயர் இணைப்பில் டேப் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நண்பர்கள் சுற்றி நிற்கும்போது, "எல்லாம் நல்லாதான் இருக்கு, எப்ப லைட்டு போடுவீங்க? ஒரு சாமானும் தெரியலையே" என்று வேறு கேட்டேன்.

அன்று காரில் திரும்பும்போது நீ கோபப்படாமல் எனக்குச் சொன்னாய். "மத்தவங்க களிமண்ணுல செய்வாங்க, கல்லுல செய்வாங்க. எனக்கு லைட்டுதான்பா களிமண்ணு. அந்தச் சாமானெல்லாம் சும்மா அச்சு மாதிரி."

"லைட்ட எப்படிடா கையில புடிப்ப?"

"புடிக்க முடியாதுலா. தடுக்கத்தான் முடியும். எங்க தடுக்கறோமோ அதுதான் வேல."

பின் இருக்கையிலிருந்து புவனா, "அப்பாவுக்கு இதெல்லாம் ஏறாது அண்ணே. சுவிட்ச போட்டா எரியணும், மூடுனா அணையணும், அவ்ளோதான் அவரு லைட்டு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சொன்னது சரிதான். என் தொழிலில் எரியாத விளக்கும் பழுது, மினுங்குகிற விளக்கும் பழுது. இரண்டையும் கழற்றிப் போடத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது உனக்குப் பிடிபடும். வியாழக்கிழமை, காலை ஷிப்டு, விடிந்தும் விடியாத நேரம், தூறல். திகாம் பத்து சாலையில் சந்திலிருந்து திரும்பிய கார் அவள் மோட்டார் சைக்கிளை அடித்தது. மோட்டாரில் விளக்கு எரியவில்லை, அதனால்தான் வந்தது தெரியவில்லை என்று கார் ஓட்டியவர் வாக்குமூலம் கொடுத்தார். போலீஸ் பாலாயில் அந்த வரியை நம் இருவருக்கும் படித்துக் காட்டினார்கள். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். நான் எழவில்லை. பகலிலேயே மோட்டாருக்கு விளக்கு எரிய வேண்டும் என்கிற ஊர் இது. விளக்கில்லாமல் போனாள் என்றால் பாதிக் குற்றம் செத்தவள் தலையில் விழும். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போனால் ஏணியில் ஏறி நின்றுகொண்டு எதற்கு ஏறினோம் என்று மறந்து நிற்பேன். மகள் மேல் பழி விழுந்ததால்தான் அப்பா ஒடிந்துபோனார் என்று நீயும் அம்மாவும் நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோத்தா கோலா மூடா கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தார்கள். உயிர் போன சாமானை வீட்டில் வைக்கக்கூடாது, இரும்புக்குப் போட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை. பின்பக்கக் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொண்டாய். இரண்டு வருஷமாக, தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் போவாய். வளைந்த சக்கரம், கம்பிகள், முன்கூடை, சங்கிலி, பிரேக் பிடி, உடைந்த பக்கக் கண்ணாடி, எல்லாம் அவள் மோட்டாரில் இருந்தவை. வெளியிலிருந்து ஒரு திருகாணிகூடச் சேர்க்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் எட்டிப் பார்த்தால், "முடியட்டும்பா. உங்களுக்குத்தான் செய்யறேன்" என்று கதவைச் சாத்துவாய். எனக்கு எதற்கு என்று புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

நான் பல்பை மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அதை ஹாலில் கொண்டுவந்து நிறுத்தினாய். ஜன்னல்களைப் போர்வையால் மூடி அம்மாவுக்கு மட்டும் காட்டினாய். வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சுவத்துல அவ முடி கட்டிக்கிட்டு நிக்கறா" என்றாள். ஹெல்மெட் போடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் தூக்கி, ரப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் முடி கட்டுவது நம் மூவருக்கும்தான் தெரியும். எனக்கு மறுநாள் நாலு மணிக்கு, விருந்தாளிகளோடு சேர்த்துக் காட்டுவதாகச் சொன்னாய். பினாங்கில் காட்சிக்கூடம் வைத்திருக்கிற ஓர் அம்மாவும் உன் நண்பர்கள் மூன்று பேரும் வருவதாக இருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் நீ அம்மாவை ஏற்றிக்கொண்டு பலகாரம் வாங்கவும், பினாங்கிலிருந்து ரயிலில் வருகிறவரை அழைத்துவரவும் போய்விட்டாய். வீட்டில் நான் மட்டும். காற்றுக்காகப் போர்வைகளை எடுத்துவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். ஹாலில் நல்ல வெயில். நான்கு பேர் வருகிற இடத்தில் ஷார்ட் ஆகிவிட்டால் வயர்மேன் வீட்டுக்கு மானக்கேடு, ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் சுவிட்சைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் சுவரில் ஒன்றும் விழவில்லை. சக்கரத்துக்குக் கீழே அவள் மோட்டாரின் முன்விளக்குப் பல்பு, அதே பழைய ஹோல்டரோடு, எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். ஹோல்டரில் சேருகிற இடத்தில் தளர்ந்திருந்தது.

பிறகு என் கை தானாக வேலை செய்தது. பல்பைக் கழற்றி, எப்போதும் செய்வதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருள் ஒரு பக்கமாக இழுபட்டுத் தொய்ந்திருந்தது. இது இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும் என்று நினைத்தேன். கழற்றின பல்பை நான் முழுசாகப் போடுவதில்லை, உனக்குத் தெரியும். போட்டால் வீட்டுக்காரர்கள் எடுத்து மறுபடியும் மாட்டிவிட்டு, வயர்மேன் சரியில்லை என்பார்கள். அதனால் செய்தித்தாளில் சுற்றிச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பழைய வயரையும் ஹோல்டரையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது மாட்டி, பன்னிரண்டு வாட் வெள்ளை எல்இடி போட்டேன். மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தேன். அசையாமல் எரிந்தது. இரண்டு வருஷமாக எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. குளித்து, திருநீறு பூசி, சட்டை மாற்றிக்கொண்டு உங்களுக்காக உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நீ போர்வைகளை மாட்டிக் கதவைச் சாத்தினாய். "இது என் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாய். ஹால் முழுக்க மளிகைக்கடை மாதிரி வெளுத்துவிட்டது. தொங்குகிற ஒவ்வொரு கம்பியும் துருவும் தெரிந்தது. சுவரில் துவைத்தும் போகாத கறை மாதிரி ஏதோ மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். பினாங்கு அம்மா மரியாதைக்கு, "நல்லா இருக்கு, வித்தியாசமா இருக்குலா" என்றார். நான் நாற்காலி நுனிக்கு வந்து, "மினுங்கிக்கிட்டே இருந்திச்சி, நாந்தான் மாத்திட்டேன். இப்ப பாருங்க, எப்படி பளிச்சுன்னு இருக்குன்னு" என்றேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், "ஏம்பா மாத்துனீங்க? பழைய பல்பு எங்க?" "நல்லதுக்குத்தான்லா. அது தொட்டியில கெடக்கு" என்றேன்.

தொட்டியில் கையை விட்டு அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாய். கண்ணாடித் தூளைத் தவிர ஒன்றுமில்லை. என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாய். "எரியறப்ப அடிபட்டாத்தான்பா அந்தக் கம்பி அப்படி இழுத்துக்கும். ஆறிப்போய் இருந்தா இழுக்காது. அவ லைட்டு எரிஞ்சிருக்கு. அந்த ஆளு சொன்னது பொய். உங்களுக்கு அதத்தான் காட்டணும்னு இருந்தேன். கம்பி கோணலா இருக்கறதால நெழலுக்கு ரெண்டு ஓரம் வரும். அது மினுங்கறப்ப அவ மூச்சு வுடற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் ரெண்டு வருஷம்." பிறகு, "என் தப்புதான். தொடாதீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கணும்" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த வாரம் முழுக்க மோட்டார் கடையிலிருந்து ஒவ்வொரு பல்பாக வாங்கிவந்து மாட்டிப் பார்த்தாய். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உருவம் வருகிறது, ஆனால் அது யாரோ ஒரு பெண் என்று அம்மா சொன்னாள். அம்மா முதல்நாள் கைப்பேசியில் எடுத்த படத்தில் கறுப்பும் ஒரு வெள்ளைப் பொட்டும்தான் இருக்கின்றன. பிறகு எல்லாவற்றையும் பிரித்து நீயே இரும்புக்குப் போட்டாய். நான் அவளைப் பார்க்கவே இல்லை, தம்பி. நீ எனக்காகச் செய்ததை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.

இனி அந்த மீதி. அவள் நம்மை விட்டுப் போன அந்த வாரத்தில், திங்கட்கிழமை மாலை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீயும் அம்மாவும் வீட்டில் இல்லை. புவனா வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, மோட்டாரு லைட்டு மினுங்குதுப்பா. எரியுது, அணையுது."

"ஹோல்டர் லூசா இருக்கும்லா. ஒரு தட்டு தட்டு, எரியும். ஞாயித்துக்கெழம பாக்கறேன்."

"வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்லுவாங்க. வயர்மேன் புள்ளைக்கு இருட்டுதான் போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கேட்டாள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குச் சர விளக்குக் கட்டப் போகிற அவசரத்தில், ஞாயிறு என்று சொன்னேனே என்று எரிந்து விழுந்தேன். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. கிளம்பும்போது விளக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். எரிந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டாள்.

போலீஸ் பாலாயில் அந்த வரியைப் படித்தபோது நான் ஏன் எழவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். கார்க்காரர் அவள் மேல் போட்ட பழி என்று நீ நினைத்தது என் மேல் போட்ட பழி. அதை எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு இல்லை. ஹாலில் அந்தப் பல்பு மினுங்கியபோது எனக்குச் சிற்பமும் தெரியவில்லை, விருந்தாளியும் தெரியவில்லை. மினுங்குகிறது என்று அவள் சொன்னது மட்டும்தான் கேட்டது. அவளிடம் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை வேலையைத்தான் உட்கார்ந்து செய்து முடித்தேன். நீ தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தாலும் தொட்டிருப்பேன். ஆகவே தப்பு உன்னுடையது என்று சொல்லிக்கொண்டு நீ விமானம் ஏறக்கூடாது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கம்பி இழுபட்டிருந்ததால் விளக்கு எரிந்தது என்று நீ நம்புகிறாய். நானும் நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் மினுங்குகிற விளக்கை எனக்குத் தெரியும். அணைந்த அந்த நொடியிலும் கம்பி சூடாகத்தான் இருக்கும். அவர் சந்திலிருந்து திரும்பிப் பார்த்த நேரம் அது எரிந்த நேரமா, அணைந்த நேரமா என்று அந்தப் பல்பு முழுசாக இருந்தாலும் சொல்லாது. அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். நீ இரண்டு வருஷம் பாடுபட்டுத் தங்கைக்கு எடுத்துக் கொடுத்த ஒரே நியாயத்தை இந்த வரியால் நான் இரண்டாம் முறை மிதித்து உடைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். மறைத்து வைத்தால் நீ எனக்காகச் செய்ததை நான் ஏமாற்றி வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். என்னால் அது முடியவில்லை.

பிள்ளை வெளிநாடு போகும்போது தகப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். ஒருமுறை தள்ளிப்போட்டு ஒன்றை இழந்தேன், ஒருமுறை முந்திக்கொண்டு இன்னொன்றை அழித்தேன். இப்படிப்பட்டவன் உனக்கு என்ன புத்தி சொல்ல முடியும்? வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு மட்டுமாவது போன் செய். அவளிடம் இதையெல்லாம் இன்று மாலை சொல்லப்போகிறேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நீ பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இல்லை.

எந்த வேலையைத் தொடங்கினாலும் கடிகாரத்தைப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் ஹோல்டரைத் தொட்டபோது பார்த்தேன், புது பல்பு எரிந்ததும் பார்த்தேன். எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது, தம்பி. அவள் இரண்டு நாள் கேட்ட வேலை ஏழு நிமிட வேலை.

அப்பா